பதினாறு மதிப்பெண் துணிச்சல்

சென்ற மாதம் ஒரு பொறியியல் கல்லூரிக்கு நடுவராகப் போய்விட்டு வந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "நீங்க வந்தா பேப்பர்ல போடுவாங்க, சார்" என்றார் அழைக்க வந்த பேராசிரியர். ஒளிவு மறைவு இல்லாத மனிதர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

போட்டிக்குப் பெயர் 'புதுமையும் தொழில் முனைவும்'. மாணாக்கர்கள் தாங்கள் தொடங்கப்போகிற தொழிலைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். திரையிலே படம் ஓடும். நடுவர்கள் மூவர். மற்ற இருவரும் விஷயம் தெரிந்தவர்கள். ஒருவர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மற்றவர் ஏதோ கம்பெனியில் ஆலோசகர். சித்திரை வெயிலில் பையன்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அதிலே பாதிக் கோட்டு வாடகைக் கோட்டு என்பது தோள்பட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

முதல் பரிசு வாங்கிய பையன் நன்றாகப் பேசினான். ஊருக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு கைப்பேசிச் செயலி. 'இந்தியாவில் இத்தனை கோடி வீடுகள். அதில் ஒரே ஒரு சதவிகிதம் நமக்குக் கிடைத்தால் போதும்' என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். வந்த தொகையைக் கண்டு சபை கை தட்டியது. "தம்பி, தண்ணீர் ஊற்றக் காசு கொடுக்கிறேன் என்று இதுவரை யாராவது உன்னிடம் சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. அவன் யாரையும் கேட்கவும் இல்லை. அந்த ஒரு சதவிகிதம் இருக்கிறதே, அது மாதிரி மோசக்காரி உலகத்திலே கிடையாது. நூறிலே ஒன்றுதானே என்று அடக்கமாக வந்து நிற்பாள். அந்த ஒன்று எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

நான் எழுத உட்கார்ந்தது அவனைப் பற்றி அல்ல. ஏழாவதாக வந்த ஒரு பெண்ணைப் பற்றி.

அவள் கோட்டுப் போடவில்லை. திரையில் படமும் சரியாக ஓடவில்லை. கையிலே ஒரு நாற்பது பக்க நோட்டு. அவளுடைய அம்மா வீட்டிலே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து, பாக்கெட் கட்டி, சுற்று வட்டாரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். கோடை வந்தால் மாவு புளித்துவிடுகிறது. மாலையில் கடைக்காரர்கள் பாக்கெட்டைத் திருப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்த மாவு சாக்கடைக்கு. நஷ்டம் அம்மாவுக்கு. இந்தப் பெண் என்ன செய்தாள்? இரண்டு மாத காலம் எந்த நேரத்தில் அரைத்த மாவு எந்தக் கடையிலிருந்து எத்தனை பாக்கெட் திரும்பியது என்று ஒரு நாள் விடாமல் எழுதினாள். அரைக்கும்போது கல்லின் சூட்டிலேயே மாவு பாதி கெட்டுவிடுகிறது என்று கண்டாள். குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைக்கச் சொன்னாள். அரைக்கும் நேரத்தை மத்தியானத்திலிருந்து விடியற்காலைக்கு மாற்றினாள். வெயில் விழுகிற பக்கத்துக் கடைகளுக்குப் பாதிப் பாதியாக இரண்டு நடை போடச் சொன்னாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் திரும்புகிற பாக்கெட் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. "மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது, சார். நாமதான் பார்க்கணும்" என்றாள்.

ஆலோசகர் கேட்டார்: "இதிலே புதுமை எங்கே இருக்கிறது?" வங்கிக்காரர் கேட்டார்: "தொழில்நுட்பம் ஒன்றும் இல்லையே, அம்மா?" இருவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆறுதல் பரிசு கூடக் கிடைக்கவில்லை.

இனி அந்தக் கல்லூரியின் பாடப் புத்தகத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். பேராசிரியரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் அத்தியாயத்திலேயே ஜோசப் ஷும்பீட்டர் வருகிறார். ஆஸ்திரியாக்காரர். 1911-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில், தொழில் முனைகிறவன் செய்வது புதிய சேர்க்கை என்று சொன்னவர். அதை ஐந்து வகையாகப் பிரித்தார்: புதிய சரக்கு, புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப் பொருளுக்குப் புதிய இடம், தொழிலுக்குப் புதிய அமைப்பு. யந்திரம் கண்டுபிடிப்பது ஒரு காரியம், அதைச் சந்தையிலே நடத்திக் காட்டுவது வேறு காரியம் என்று அவர் தெளிவாகப் பிரித்தே சொல்லியிருக்கிறார். இந்த ஐந்தையும் அந்தக் கல்லூரியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பரீட்சையில் பதினாறு மதிப்பெண் கேள்வி அது. எழுதாத பையன் இல்லை. இரண்டாவது வகை நோட்டுப் புத்தகத்துடன் மேடையில் ஏறி நின்றபோது அடையாளம் கண்டுகொள்ளத்தான் அங்கே ஆள் இல்லை.

பாடப் புத்தகம் ஷும்பீட்டரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. அந்த மனிதர் தாமே வியன்னாவில் ஒரு வங்கிக்குத் தலைவராக இருந்து, 1924-ல் அது நொடித்துப் போக, பதவியையும் சொத்தையும் இழந்து, பல வருஷம் பேராசிரியர் சம்பளத்திலிருந்து கடன் அடைத்தவர். அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் பையன்களுக்கு அவர் மேல் மரியாதை கூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மாவு விற்பது தொழில் இல்லையா? பெங்களூரில் 2005-ல் சில சகோதர உறவினர்கள் சேர்ந்து ஒரு சின்ன அறையில் இட்லி மாவுப் பாக்கெட் போட ஆரம்பித்தார்கள். இன்று அந்த 'ஐடி' கம்பெனியின் மாவு இந்தியாவின் பெரிய நகரங்களில் மட்டுமல்ல, வளைகுடா நாடுகளிலும் விற்கிறது. அன்று அவர்கள் அந்த ஆலோசகரின் முன்னால் வந்து நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கல்லூரிக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்களை ஆட்டுவிக்கிற கயிறு வேறு இடத்தில் இருக்கிறது. 2016-ல் 'ஸ்டார்ட் அப் இந்தியா' வந்தது. 2018-ல் மத்திய அரசு கல்லூரி தோறும் புதுமைக் குழு அமைக்கச் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் குழு வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது? வருஷத்தில் எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ணலாம். எண்ணினார்கள், அதற்கேற்ப நட்சத்திரமும் கொடுத்தார்கள். நான் போன கூட்டத்தில் ஒரு பேராசிரியர் முழு நேரமும் பேச்சைக் கேட்கவே இல்லை. பின்னால் இருக்கிற பதாகையும் முன்னால் இருக்கிற தலைகளும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாவம், அந்தப் படம் மேலே போய்ச் சேராவிட்டால் கூட்டமே நடக்காதது போலத்தான்.

காப்புரிமைக் கதை இதைவிட வேடிக்கை. கல்லூரிகளுக்குத் தர வரிசை போடும்போது காப்புரிமையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 2021-ல் கல்வி நிலையங்களுக்கு அந்த விண்ணப்பக் கட்டணத்தை நூற்றுக்கு எண்பது குறைத்தார்கள். குறைத்தது நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் விண்ணப்பம் போட்டுப் பதினெட்டு மாதம் ஆனால் அது காப்புரிமை அலுவலகத்தின் சஞ்சிகையில் தானாகவே வெளியாகிவிடும். அவசரம் என்றால் முன்னதாகவே வெளியிடச் சொல்லியும் கேட்கலாம். வெளியாவதற்கும் உரிமை கிடைப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. சோதித்துப் பார்க்கும்படி தனியே மனுப் போட்டு, சோதனையிலே தேறினால்தான் உரிமை. ஆனால் கல்லூரி வாசலில் வைத்திருக்கிற பலகையைப் பாருங்கள்: வெளியானது எத்தனை என்பது பெரிய எழுத்தில் இருக்கும், கிடைத்தது எத்தனை என்பதைத் தேட வேண்டும். பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு, 'தங்கள் கதை வந்து சேர்ந்தது' என்று ஆபீஸிலிருந்து வரும் கார்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற எழுத்தாளனை நான் பார்த்ததில்லை. எழுத்தாளர்களுக்கே இருக்கிற கூச்சம் இது. கல்லூரிகளுக்கு ஏன் இல்லை?

இந்த இடத்திலே என் வாசகர்களில் பலர் தலையை ஆட்டுவீர்கள் என்று தெரியும். "சரியாகச் சொன்னீர்! தொழில் செய்யும் புத்தி பிறவியிலே வரவேண்டும். ரத்தத்தில் இருக்கவேண்டும். கல்லூரியிலே கற்றுக்கொடுக்கிற சங்கதியா அது? ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியில் படித்தார்?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். மன்னிக்க வேண்டும். உங்களுடன் எனக்கு இருக்கிற சண்டை கல்லூரிக்காரரோடு இருப்பதைவிடப் பெரியது.

ஜி. டி. நாயுடு கதையை முழுக்கச் சொல்லுங்கள். 1893-ல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தை உதறி, ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகக் கோவை ஓட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்தார். வாங்கி ஓட்டினாரா? பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937-ல் அவருடைய கோவையிலிருந்து இந்தியாவின் முதல் மின் மோட்டார் வந்தது. இது வரைக்கும் எல்லோரும் சொல்கிறீர்கள். அதே மனிதர் 1945-ல் தொழில் கல்லூரி தொடங்குவதற்கு முன்னின்றதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? கல்வியே வீண் என்றா தொடங்கினார்? நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், பட்டறையிலே சொல்லிக்கொடுங்கள் என்று வாதாடினார். சர்க்கார் கேட்கவில்லை. முதல்வர் பதவியை விட்டு வெளியேறினார். பள்ளிக்கூடத்தை வெறுத்தவராக எனக்கு அவர் தெரியவில்லை. அதனோடு சண்டை போட்டவராகத் தெரிகிறார்.

சிவகாசிக்கு வாருங்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். எதற்கு? தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள! ரத்தத்தில் தீக்குச்சி இருந்தால் கல்கத்தாவுக்கு எதற்குப் போகவேண்டும்? கற்கப் போனார்கள், கற்றார்கள், திரும்பி வந்து வானம் பார்த்த பூமியில் ஒரு தொழிலை உண்டாக்கினார்கள். அந்தத் தொழில் பிற்பாடு எத்தனை குழந்தைகளின் விரல்களைத் தின்றது என்பது வேறு கணக்கு. அதையும் நான் மறக்கவில்லை.

செட்டிநாட்டுப் பிள்ளைகளை ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் சின்ன வயதிலேயே கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பேரேடு பார்க்கக் கற்று, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்துகிற மேலாளாகிப் படிப்படியாக ஏறினான். வட்டிக் கணக்கு, மனிதனை எடை போடும் பார்வை, யாருக்கு இல்லை என்று சொல்வது, எப்படிச் சொல்வது எல்லாம் அங்கே பாடம். இதைவிடக் கண்டிப்பான பல்கலைக் கழகம் எங்கே இருந்தது? அதைத்தான் நீங்கள் 'ரத்தம்' என்கிறீர்கள். அது ரத்தம் அல்ல, ஐயா, பள்ளிக்கூடம். ஒரே ஒரு குறை: அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர விண்ணப்பப் படிவம் கிடையாது. பிறந்தால்தான் சேரலாம். கடைக்காரர் மகனுக்குக் கடை பள்ளிக்கூடம். கூலிக்காரர் மகனுக்கு? வாத்தியார் மகளுக்கு? மாவு அரைக்கிறவள் மகளுக்கு?

'பிறவியிலே வரவேண்டும்' என்ற வார்த்தை இந்த நாட்டில் எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து, யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டுவந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். படிப்பு வராது என்றார்கள். வந்தது. உத்தியோகம் வராது என்றார்கள். வந்தது. இப்போது முதலாளித்தனம் வராது என்கிறார்களா? பிறப்பினால் கிடைக்காததைப் படிப்பினால் கிடைக்கச் செய்வதற்குத்தானே கல்லூரி? அதனால்தான், அங்கே அதைப் பதினாறு மதிப்பெண்ணாகச் சுருட்டி வைத்திருப்பதைக் கண்டு எனக்கு இத்தனை கோபம் வருகிறது. பயனில்லாத காரியம் கெட்டுப் போனால் யார் அழப்போகிறார்கள்?

கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமா? அமெரிக்காவில் ஹார்வர்டில் 1947-ல்தான் முதன்முதலாக இதற்கென்று ஒரு பாடம் வைத்தார்கள். மைல்ஸ் மேஸ் என்பவர் நடத்தினார். 188 பேர் சேர்ந்தார்கள். உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிய காலம் அது. போர்க்களத்தைப் பார்த்தவனுக்கு ஒரு கடை நொடித்தால் என்ன பயம்? சரி, அது அவர்கள் ஊர். நம் பக்கத்து ஆந்திரத்தில், காக்கிநாடாவில், 1964-ல் அதே ஹார்வர்டிலிருந்து டேவிட் மெக்கிளெலண்ட் என்ற உளவியல் அறிஞரின் கோஷ்டி வந்து ஒரு சோதனை நடத்தியது. ஊரிலே ஏற்கெனவே சிறு தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களை ஐதராபாத்துக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். அவர் கையாண்ட பரீட்சைகளில் ஒன்றைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு படத்தைக் காட்டி, அதற்கு ஒரு கதை எழுதச் சொல்வார்! எழுதின கதையிலே காரியம் சாதிக்கிற வேட்கை எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார். (தமிழ் நாவலாசிரியர்களின் கதைகளை அவர் அளந்து பார்த்திருந்தால் எங்களில் ஒருவருக்கும் பெட்டிக்கடை வைக்கக் கூட அனுமதி கிடைத்திராது. எங்கள் கதாநாயகர்கள் கடற்கரையில் உட்கார்ந்து சிந்திக்கிறவர்கள்.) வளையம் எறிகிற விளையாட்டு ஒன்றும் உண்டு. கம்புக்கு வெகு அருகில் நிற்கிறவன் தொழிலுக்கு ஆகமாட்டான். வெகு தூரத்தில் நின்று எறிகிற வீரனும் ஆகமாட்டான். விழுந்தாலும் விழலாம் என்கிற தூரத்தில் நிற்கிறவனே தேறுவான் என்றார். பயிற்சி பெற்றவர்கள் பின்னால் வந்த வருஷங்களில் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகத் தொழிலை விரிவாக்கினார்கள் என்று அவரும் டேவிட் விண்டரும் 1969-ல் புத்தகமே எழுதினார்கள்.

கவனியுங்கள். அந்த வளையத்தைக் கையில் எடுத்து எறிய வேண்டியிருக்கிறது. எறிவது எப்படி என்று குறிப்பு எழுதினால் போதாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-ல் தொடங்கியதுதான் 'ஏத்தர்' மின்சார ஸ்கூட்டர். அதே இடத்தில் வேர் விட்ட 'அக்னிகுல்' 2017-ல் தொடங்கி, பல தடவை தள்ளிப்போட்டு, 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் ராக்கெட்டை ஏவியது. ஏழு வருஷம்! அவர்களுக்குக் கிடைத்தது பதாகையும் கோட்டும் அல்ல. சோதனைச் சாலை கிடைத்தது. கூட நின்று கையைச் சுட்டுக்கொள்ளத் தயாரான பேராசிரியர் கிடைத்தார். 'ஏன் இன்னும் ஆகவில்லை?' என்று மாதா மாதம் கேட்காத பொறுமை கிடைத்தது. இவை எல்லாக் கல்லூரியிலும் கிடைக்குமா என்பீர்கள். ராக்கெட்டுக்கு வேண்டிய அளவு கிடைக்காது. மாவுக்கு வேண்டிய அளவு கிடைக்கலாமே? அந்தப் பெண்ணின் கல்லூரியில் ரசாயனக் கூடம் இருக்கிறது. மாவின் புளிப்பை அளக்கிற கருவி அதிலே தூசி படிந்து கிடக்கிறது. அதைத் தொடுவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை. அவள் கம்ப்யூட்டர் பிரிவாம்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தை உங்களுக்குத் தெரியும். மலிவான சானிடரி நாப்கின் யந்திரம் செய்தவர். 'படிக்காத மேதை' என்று மேடைகளில் அவரைத்தான் காட்டுவார்கள். அந்த நாப்கின் எதனால் ஆனது என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வெறும் பஞ்சு என்று நினைத்திருந்தார். மரக்கூழ் நார் என்று பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஒரு கல்லூரிப் பேராசிரியர் உதவினார். அதற்குக் கைம்மாறாக முருகானந்தம் அவர் வீட்டில் வேலைகள் செய்து கொடுத்தார். படிக்காதவனே ஜெயிப்பான் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்கிறீர்கள். எனக்கு வேறு ஒன்று கேட்கிறது. பக்கத்துக் கல்லூரியின் கதவு திறந்திருந்தால், ஒரு நாள் சாயங்காலம் எந்த ரசாயன வாத்தியாரும் பதில் சொல்லியிருக்கக் கூடிய கேள்வி அல்லவா அது? இரண்டு வருஷம் யாருடைய வருஷம்?

கடைசியாக வீட்டுக்கு வருகிறேன். என் வீட்டுக்கே.

என் அண்ணன் மகன் மெக்கானிகல் படித்தான். கடைசி வருஷத்தில் என்னிடம் வந்து, "சித்தப்பா, மோட்டார் காயில் கட்டுற பட்டறை ஒண்ணு போடலாம்னு இருக்கேன். நம்ம ஊர்ப் பக்கம் எரிஞ்ச பம்புசெட்டைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் டவுனுக்குத்தான் ஓடுறாங்க. அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான். எத்தனை பம்புசெட்டு, எத்தனை மைல், தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் பயிர் வாடுகிறது எல்லாம் வைத்திருந்தான். அண்ணனிடம் சொன்னேன். "காயில் கட்டவா நாலு வருஷம் லட்ச லட்சமாக் கொட்டினேன்? நாளைக்குப் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை என்ன செய்யறார்னு கேட்டா என்னடா சொல்றது?" என்றார் அண்ணன். துணிச்சலைப் பற்றிப் பத்து நாவல் எழுதியிருக்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணா சொல்றதும் நியாயம்தான்" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பையன் இப்போது பெரிய கம்பெனியில் இரவு வேலை பார்க்கிறான். கல்விக் கடன் பாதி அடைந்துவிட்டது. என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான்.

படிப்புக்கென்றால் நகையை அடகு வைக்கிறோம். அதிலே பத்தில் ஒரு பங்கைத் தொழிலுக்கென்று கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. படிப்பில் போட்ட பணம் வீணானால் தலைவிதி. தொழிலில் போட்ட பணம் வீணானால் ஊதாரித்தனம். நானும் ஒரு முறை சொந்தப் பதிப்பகம் என்று தொடங்கிப் பார்த்தவன்தான். என் நாவலை நானே அச்சிட்டேன். நூலக ஆணை வரும் என்று நம்பினேன், வரவில்லை. கடைக்காரர்கள் விற்றபின் பணம் என்றார்கள். விற்றது, பணம் வரவில்லை. மிச்சப் பிரதிகள் இன்றும் பரணில் இருக்கின்றன. ஆனால் காகித விலை, கழிவு, கடன், தவணை என்று அந்த ஒன்றரை வருஷத்தில் நான் கற்ற பாடத்தை எந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்திருக்கும்? வயது நாற்பத்தைந்தில் அதைக் கற்றேன். இருபதில், தோற்றாலும் குடும்பம் மூழ்காத சின்னத் தொகையில், கூடவே ஒரு வாத்தியார் நின்று கணக்கைத் திருத்தித் தர, ஒரு பருவம் முழுவதும் எதையாவது செய்து விற்றுப் பார்க்கும்படி விட்டிருந்தால் பரண் கொஞ்சம் காலியாக இருந்திருக்கும்.

அந்தக் கல்லூரியிலிருந்து முந்தாநாள் மறுபடி அழைப்பு வந்தது. அடுத்த ஆண்டும் நடுவராக வரவேண்டுமாம். வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். போட்டியிடுகிறவர்கள் திரையில் படம் காட்டக் கூடாது. குறைந்தது இரண்டு மாதம் எதையாவது விற்று, அந்தக் கணக்கு நோட்டைக் கையில் கொண்டுவர வேண்டும். நஷ்டக் கணக்காக இருந்தால் ஒரு குற்றமும் இல்லை என்று மூன்று நிபந்தனை போட்டிருக்கிறேன். போன ஆண்டு ஏழாவதாக வந்த பெண்ணை நடுவர்களில் ஒருவராக உட்கார வைக்க வேண்டும் என்பது நான்காவது. இன்னும் பதில் வரவில்லை.